மீன் மட்டும் உள்ள கடல்நீர்த் தொட்டிக்கு உயிர்ப்பாறை தேவையா?

கேள்வி: நான்கு அடி நீளமும் ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளளவும் உள்ள கடல்நீர்த் தொட்டியில், ஒன்றரை ஆண்டுகளாக இரண்டு கோமாளி மீன்கள், நான்கு டேம்சல்கள், ஒரு சர்ஜன் மீன் ஆகியவற்றை வளர்த்து வருகிறேன். பவளம் வளர்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. கேனிஸ்டர் ஃபில்டரும் (தொட்டிக்கு வெளியே வைக்கும் வடிகட்டி) புரோட்டீன் ஸ்கிம்மரும் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) இடைவிடாமல் ஓடியும், மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் 60 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 60 பங்கு) கீழே இறங்குவதில்லை. ‘லைவ் ராக்’ எனப்படும் உயிர்ப்பாறையை வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். அது பவளத் தொட்டிக்கு மட்டுமே உரியது என்கிறார் கடைக்காரர். ராமேஸ்வரம் பக்கமிருந்து கல் எடுத்து வந்து தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். பாறையாக வளரும் பவள வகைகள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செத்து வெளுத்த பவளக்கல்லுக்கும் விலக்கு இல்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா 1986-இல் அமைக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டி வெட்டியே அங்குள்ள திட்டுகள் தேய்ந்தன. வரவேற்பறைத் தொட்டிக்காக நாமும் அதில் கைவைக்க வேண்டியதில்லை.

இனி உயிர்ப்பாறைக்கு வருவோம். பெயரைக் கேட்டால் பாறைக்கே உயிர் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது செத்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடுதான். உயிர் இருப்பது அதன் நுண்துளைகளில். வெளிப்பரப்பில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இதை உங்கள் கேனிஸ்டரும் செய்துகொண்டுதான் இருக்கிறது. பாறையின் தனிச்சிறப்பு உள்ளே இருக்கிறது: ஆக்சிஜன் எட்டாத ஆழத்துளைகளில் வாழும் வேறு வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொள்ள, எஞ்சும் நைட்ரஜன் வாயுவாக வெளியேறிவிடுகிறது. 1961-இல் இந்தோனேசியாவின் லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த பாறையையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே நம்பித் தொட்டி நடத்தும் முறையை எழுதி வெளியிட்டதற்கும், பிற்காலத்தில் பெர்லின் நகர வளர்ப்பாளர்கள் பாறையோடு ஸ்கிம்மரைச் சேர்த்து ஒரு முறையை வகுத்ததற்கும் இந்த வேதிமாற்றமே அடிப்படை. ஆகவே, பவளம் இல்லாத தொட்டியில் பாறைக்கு வேலை இல்லை என்று கடைக்காரர் சொல்வது சரியல்ல.

நண்பர் சொல்வதும் பாதிதான் சரி. ஆழத்துளைகளுக்குள் தண்ணீர் மிக மெதுவாகத்தான் ஊடுருவும் என்பதால், ஏழு மீன்களுக்குத் தாராளமாகத் தீனி போடும் தொட்டியில் நைட்ரேட் உருவாகும் வேகத்தைப் பாறையால் மட்டும் ஈடுகட்ட முடியாது. உங்கள் 60-க்குக் காரணம் பெரும்பாலும் கேனிஸ்டரின் பஞ்சில் சிக்கி அழுகும் தீனியாக இருக்கலாம். மாதக்கணக்கில் திறக்காமல் விட்டிருந்தால், இனி வாரம் ஒருமுறை அந்தப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த உப்புநீரிலேயே அலசுங்கள். உப்புக் கலக்கும் தண்ணீரையும் சோதித்துப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் நைட்ரேட் ஏற்கெனவே இருப்பது நம் ஊர்களில் அரிதல்ல. ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்தி வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கை மாற்றி வந்தாலே அளவு இறங்கத் தொடங்கும்.

அதன் பிறகு பாறை வையுங்கள். கடலில் எடுக்காத, காய்ந்த சுண்ணாம்புப் பாறையும் பீங்கானில் செய்த செயற்கைப் பாறையும் இப்போது கிடைக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் வைத்தால் பாக்டீரியா தானாகவே குடியேறும், ஆழத்துளைகளில் நிலைபெறத்தான் மாதங்கள் ஆகும். காய்ந்த பாறையில் பூச்சி பொட்டு ஒட்டி வராது என்பதும் ஒரு லாபம். கடற்பாறையோடு வரும் மாண்டிஸ் இறால் ஒன்று, இரவில் சிறு மீன்களை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கட்டிவிடும். லிட்டருக்கு 120 கிராம் என்ற பழைய கணக்குப்படி உங்களுக்கு 30 கிலோ வரும். துளை மிகுந்த, எடை குறைந்த பாறையானால் 15 கிலோவே போதும் என்பது என் கருத்து. சர்ஜன் மீனுக்கு நீந்த இடம் வேண்டுமே! (அது வளர வளர 250 லிட்டரும் போதாது என்பது வேறு கதை.) பாறையை மணல்மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியில் நேரடியாக ஊன்றி, பின்பக்கக் கண்ணாடியோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு அடுக்குங்கள், பின்னால் நீரோட்டம் இல்லாவிட்டால் அங்கே கசடு தங்கி, பாறையே நைட்ரேட்டுக்கு ஊற்றாகிவிடும். கேனிஸ்டரை உடனே நிறுத்திவிடாதீர்கள். அதில் பாக்டீரியா குடியிருக்கும் ஊடகத்தை (பஞ்சு, வளையம் போன்றவற்றை) சில வார இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: உயிர்ப்பாறை உள்ள தொட்டியில் மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்துவிட்டது. செப்பு மருந்தை அதிலேயே ஊற்றலாமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கூடாது. பாறையில் வாழும் புழுக்களையும் நுண்ணிய ஓட்டுயிர்களையும் செப்பு கொன்றுவிடும். அவை அழுகினால் அம்மோனியா எகிறும். அதோடு சுண்ணாம்புப் பாறை செப்பை உறிஞ்சிக்கொள்வதால் நீரில் மருந்தின் அளவு நிலைக்காது. உறிஞ்சிய செப்பு பின்னாளில் கசியக்கூடும் என்பதால், அந்தப் பாறையை நம்பி இறாலோ நண்டோ விட முடியாது. உயிர்ப்பாறை வைத்திருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை இது. பாறையை விற்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

மீன்களை எல்லாம், நோய் தெரியாதவற்றையும் சேர்த்து, மணலும் பாறையும் இல்லாத தனித் தொட்டிக்கு மாற்றி, பி.வி.சி. குழாய்த் துண்டுகளை மறைவிடமாகப் போட்டு, செப்பு அளவைச் சோதனைக் கருவியால் அளந்தபடி அங்கே சிகிச்சை செய்யுங்கள். இந்த நோயைத் தரும் ஒட்டுண்ணி மீனிலிருந்து உதிர்ந்து, கூடு கட்டி, பெருகி, மீண்டும் மீனைத் தேடி வருவது. மீனே கிடைக்காவிட்டால் மடிந்துவிடும். அதனால் பெரிய தொட்டியை மீனில்லாமல் காலியாக விட வேண்டும். ஆறு வாரம் போதும் என்பாரும் உண்டு, நான் 76 நாள் கணக்கையே பின்பற்றச் சொல்வேன். அதுவரை பாறையிலுள்ள பாக்டீரியா பட்டினி கிடக்காதிருக்க, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகைத் தீனியைத் தொட்டியில் போட்டு வாருங்கள். இரண்டு தொட்டிகளுக்கும் ஒரே வலையையோ வாளியையோ பயன்படுத்தாதீர்கள்.