வாசகர் கேள்வி பதில்: இத்தாலி ஒயினும் தருமபுரி வெயிலும்

ஓசூர் வாசகர்: இத்தாலி போய்வந்த மேலாளர் ஒரு ஒயின் பாட்டில் கொடுத்தார். 'புருனெல்லோ தி மோன்தல்ச்சீனோ 2018' என்று எழுதியிருக்கிறது. சிறிய குடும்பத் தோட்டத்துச் சரக்காம். அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

புருனெல்லோ என்பது மோன்தல்ச்சீனோ என்ற இத்தாலிய ஊரின் சிவப்பு ஒயின். முதலில் பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள். மூடியை ஒட்டி ஒரு காகிதப் பட்டை இருக்க வேண்டும். டி.ஓ.சி.ஜி. என்ற தரமுத்திரை எழுத்துகளும் அந்தப் பாட்டிலுக்கே உரிய தனி எண்ணும் அதில் இருக்கும். இத்தாலி அரசு அச்சகம் அச்சிடும் பட்டை அது. இந்த முத்திரையை 1980-இல் முதன்முதலாகப் பெற்ற ஒயின்களில் புருனெல்லோவும் ஒன்று.

அடுத்து பின் லேபிள். 'அசியெண்டா அக்ரிகோலா' என்றால் சொந்தத் திராட்சையில் ஒயின் செய்யும் பண்ணை. 'இம்போத்தில்யாத்தோ அல்லோரிஜினே' என்றால் விளைந்த இடத்திலேயே பாட்டிலில் அடைத்தது. சொந்தத் தோட்டத்துச் சரக்கு என்பதற்கு இந்த இரண்டு சொற்களே சாட்சி. கோட்டைப் படமும் குலச்சின்னமும் யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம்.

2018 என்பது அறுவடை ஆண்டு. அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன் புருனெல்லோவை விற்கக் கூடாது என்பது விதி. அதில் இரண்டு ஆண்டாவது மரப்பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும். 'ரிசெர்வா' என்று போட்டிருந்தால் இன்னும் ஓராண்டு கூடும். உங்கள் பாட்டில் 2023-இல் கடைக்கு வந்திருக்கும், கணக்கு சரி. 2024 அறுவடையின் புருனெல்லோ என்று 2029-க்கு முன் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

பாலக்கோடு வாசகர்: உறவினர் வீட்டில் இதே ஒயினைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினார்கள். அந்தப் பக்கம் தெரியும் அளவுக்கு வெளிறிய சிவப்பு. தண்ணீர் கலந்திருப்பார்களோ?

இல்லை. புருனெல்லோ முழுக்க முழுக்க சாஞ்சோவேசே என்ற ஒரே ரகத் திராட்சையில்தான் செய்யப்பட வேண்டும். அந்த ரகத்துக்கு நிறம் குறைவு. வயது ஏற ஏற விளிம்பில் செங்கல் நிறம் தட்டும். நாவல்பழச் சாறுபோல் கருகருவென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். வேறு ரகம் கலந்தார்கள் என்ற புகாரில் 2008-இல் இத்தாலியில் பெரிய விசாரணையே நடந்தது.

தருமபுரி வாசகி: பொங்கலுக்கு வந்த பாட்டில், பரண்மேல் இருக்கிறது. இப்போது சித்திரை வெயில். கெட்டுப்போயிருக்குமா?

வீட்டிலேயே சூடு அதிகம் நிற்கும் இடம் பரண். பாட்டிலை இறக்கி மூன்று இடங்களைப் பாருங்கள். கழுத்துத் தகட்டுறைக்குக் கீழே பிசுபிசுப்பு இருக்கிறதா? உச்சியைத் தடவினால் கார்க் மேலே புடைத்திருக்கிறதா? ஒயினின் மட்டம் கழுத்திலிருந்து தோள்பட்டைக்கு இறங்கியிருக்கிறதா? பகலில் ஒயின் சூடாகி விரிந்து கார்க்கைத் தள்ளும். இரவில் சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும். இது ஒரு கோடை முழுக்க நடந்தால் பழ வாசனை போய், கொதித்த பேரீச்சம்பழப் பாகு மாதிரி ஒரு மந்தமான இனிப்பு வாடை மிஞ்சும். விஷமல்ல, கொடுத்த காசுக்குத்தான் அர்த்தமில்லை.

இந்த ஒயினுக்கு 12 முதல் 14 டிகிரி போதும். பாட்டில் படுத்திருக்க வேண்டும், கார்க் நனைந்தபடியே இருப்பதற்காக. இரண்டு மூன்று மாதத்துக்கு என்றால், செய்தித்தாளில் சுற்றி பிளாஸ்டிக் உறையில் இட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் படுக்கவையுங்கள். அதற்கு மேல் என்றால் ஃபிரிட்ஜின் வறண்ட காற்றில் கார்க் சுருங்கும்.

ஒயினுக்கென்றே விற்கும் சிறிய குளிர்பெட்டி வாங்குவதானால் கம்ப்ரெசர் உள்ளதாகப் பாருங்கள். கம்ப்ரெசர் இல்லாத தெர்மோஎலக்ட்ரிக் வகை மலிவு, சத்தமும் கிடையாது. ஆனால் அறைச் சூட்டிலிருந்து ஒரு 10, 15 டிகிரிதான் இறக்கும். வீட்டுக்குள் 36 டிகிரி அடிக்கும்போது அதில் 13-ஐ எதிர்பார்க்க முடியாது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

கிருஷ்ணகிரி வாசகர்: திறக்கும்போது கார்க் பாதியில் உடைந்துவிட்டது. அடியில் மண்டி வேறு. என்ன தவறு?

அநேகமாகக் கார்க் திறக்கும் திருகி நடுவில் இறங்கவில்லை, அல்லது பாதியோடு நின்றிருக்கிறது. தகட்டுறையை விளிம்புக்குக் கீழே வெட்டி எடுங்கள். திருகியின் முனையை நட்ட நடுவில் வைத்து, ஒரே ஒரு சுற்று வெளியே மிஞ்சும்வரை இறக்குங்கள். இரண்டு படி உள்ள நெம்புகோல் திருகி நல்லது: முதல் படியில் பாதி, இரண்டாம் படியில் மீதி. கடைசி அரை அங்குலத்தைக் கையால் ஆட்டி எடுக்க வேண்டும். உடைந்த துண்டு உள்ளேயே விழுந்தாலும் பாதகமில்லை, காபி வடிகட்டும் தாளில் வடித்துவிடலாம்.

மண்டி என்பது நிறமும் துவர்ப்பும் சேர்ந்து படிந்தது, கலப்படமல்ல. முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். மறுநாள் கழுத்துக்குப் பின்னால் டார்ச் பிடித்து, நிறுத்தாமல் மெதுவாக ஒரு கண்ணாடிக் கூஜாவுக்கு ஊற்றுங்கள். கறுப்பு இழை கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஈயம் பூசாத பித்தளைச் சொம்பு வேண்டாம், ஒயின் புளிப்புப் பொருள். ஊறுகாய் இருந்த ஜாடி எத்தனை கழுவினாலும் வேண்டாம்.

பத்து வயதுக்கு உட்பட்ட புருனெல்லோவைக் கூஜாவில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் துவர்ப்பு அடங்கும். இருபது வயது தாண்டியது என்றால் ஊற்றியதும் குடித்துவிட வேண்டும், காத்திருந்தால் மணம் பறந்துவிடும். பருகும் சூடு 17, 18 டிகிரி. 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்று ஐரோப்பியர் எழுதுவது அவர்களுடைய அறைக்கு; நம் கூடத்துக்கு அல்ல. 32 டிகிரியில் இருக்கும் பாட்டிலைப் பனிக்கட்டியும் தண்ணீரும் நிறைந்த வாளியில் கால் மணி நேரம் அமிழ்த்தினால் சரியாக இருக்கும்.

நனைந்த கோணிச் சாக்கு அல்லது ஈரச் செய்தித்தாள் வாடை வந்தால் அது கார்க்கின் குற்றம். டி.சி.ஏ. என்ற பொருள் லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். எத்தனை மணி நேரம் ஆறவைத்தாலும் போகாது.

பர்கூர் வாசகர்: ஒரு பாட்டில் பத்தாயிரம் என்பது வெறும் பெயருக்கா?

பெயருக்கும் உண்டு. வரிக்கும் உண்டு. மீதியை நிலத்தில் பார்க்கலாம். புருனெல்லோவுக்கு ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல் காய்ப்பு எடுக்கக் கூடாது. ஏக்கருக்குச் சுமார் 3.2 டன். பந்தலில் ஏற்றிய நம்மூர்ப் பன்னீர் திராட்சை இதைப்போல் சில மடங்கு காய்க்கும். அந்த 3.2 டன்னில் 70 சதவீதம் ஒயினாகும் என்று வைத்தால் 2,240 லிட்டர், அதாவது மூவாயிரம் பாட்டிலுக்குக் கொஞ்சம் குறைவு. அதையும் உடனே விற்க முடியாது. உங்கள் ஊரில் பெங்களூரா மாங்காய் பறித்த வாரமே கூழ் ஆலைக்குப் போய்விடும். அங்கே நான்கு அறுவடையின் முதலீடு எப்போதும் பாதாள அறையில் முடங்கிக் கிடக்கும். பெரிய நிறுவனம் தாங்கும். நாலைந்து ஏக்கர் குடும்பம் விலையில்தான் அதை மீட்க வேண்டும்.

முதல்முறை வாங்குபவருக்கு எங்கள் யோசனை 'ரோஸ்ஸோ தி மோன்தல்ச்சீனோ'. அதே ஊர், அதே திராட்சை. காத்திருப்பு குறைவு, விலை பெரும்பாலும் பாதிக்குக் கீழே. பெங்களூரில் வாங்கி எல்லை தாண்டிக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், முதலில் மதுவிலக்கு ஆயத்தீர்வை அலுவலகத்தில் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அத்திப்பள்ளி எல்லையில் நின்று வாதாடிப் பயனில்லை.

அரூர் வாசகி: களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் இதற்குச் சேருமா?

களி சேரும். குழம்பு சேராது. மிளகாய்க் காரமும் 14 சதவீத ஆல்கஹாலும் ஒன்றையொன்று தூண்டிவிட்டு நாக்கை எரிக்கும், துவர்ப்பு கசப்பாக மாறும். புளி தூக்கலாக இருந்தால் ஒயின் சப்பென்று போகும். கொழுப்பும் உப்பும் துவர்ப்பை அடக்கும். மோன்தல்ச்சீனோக்காரர்கள் காட்டுப்பன்றிக் கறியோடு குடிப்பது அதனால்தான். அரைக் கிலோ ஆட்டுத் தொடைக்கறியைக் கொழுப்போடு வாங்கி, சின்ன வெங்காயம், ஒரு தேக்கரண்டி கொரகொரப்பான மிளகு, உப்பு மட்டும் போட்டு நீர் வற்றச் சுருட்டிப் பாருங்கள். காய்ந்த மிளகாய் கூடாது.

காரிமங்கலம் வாசகர்: சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

மருந்தாக நினைத்துத் தொடங்காதீர்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது.

தேன்கனிக்கோட்டை வாசகர்: எங்கள் ஊர் குளிர்ச்சி. இரண்டு ஏக்கரில் ரோஜா இருக்கிறது. அதை எடுத்துவிட்டு சாஞ்சோவேசே நடலாமா?

வளரும். மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜ் பக்கம் இந்த ரகத்தை வைத்து ஒயின் செய்கிறார்கள். ஆனால் அங்கே இத்தாலியில் கொடி குளிர்காலம் முழுக்க இலையுதிர்த்துத் தூங்கும், இங்கே தூங்காது. ஆண்டுக்கு இரண்டு கவாத்து செய்து, ஒன்றில் கொடியை வளர்த்து, ஒன்றில் மட்டும் காய் எடுக்க வேண்டும். தோல் மெல்லிய ரகம், பழுக்கும்போது மழை பிடித்தால் கொத்து அழுகும். எனவே காய்ப்பை வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு, மாசி பங்குனியில் பழுக்கும்படி தள்ள வேண்டும். நோய் தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றாகவும் இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்யலாம். விற்பனைதான் முட்டுக்கட்டை. சிறிய பழம், உள்ளே விதை, தின்பதற்குச் சந்தையில் யாரும் கேட்க மாட்டார்கள். உரிமம் இல்லாமல் நீங்களே ஒயின் போடவும் முடியாது. டன்னுக்கு என்ன விலை, எந்த இனிப்பு அளவில் எடுப்போம் என்று ஒரு ஒயின் ஆலை எழுத்தில் கொடுக்கும்வரை ரோஜாவைப் பிடுங்காதீர்கள்.