தாழ்ந்த பானெட்டுக்குள் ஏர் ஃபில்டர்: எதை வாங்குவது?

கேள்வி: நான் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். லோட்டஸ் செவன் என்ற தாழ்ந்த விளையாட்டுக் காரின் பாணியில் ஒருவர் பாதி கட்டி வைத்திருந்த கிட் காரை (பாகங்களாக வாங்கி நாமே கட்டிக்கொள்ளும் கார்) வாங்கி, வார இறுதிகளில் கட்டி முடித்து வருகிறேன். ஃபோர்டு பின்டோ 2.0 லிட்டர் எஞ்சின். காற்றையும் பெட்ரோலையும் கலந்து தருவது வெபர் 32/36 கார்புரேட்டர். பானெட்டை, அதாவது எஞ்சின் மூடியை, மூடினால் கார்புரேட்டரின் வாய்க்கு மேலே 60 மி.மீ. இடம்தான் மிஞ்சுகிறது. ஃபோர்டின் பழைய ஃபில்டர் டப்பா உள்ளே போகவே இல்லை. இணையக் கடை ஒன்றில் 175 மி.மீ. நீளம், 140 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரத்தில், உலோக மூடியுள்ள தட்டை ஃபில்டர் கிடைக்கிறது. அதுவே போதும் என்கிறார் கடைக்காரர். பானெட்டை வெட்டச் சொல்கிறார் ஒரு நண்பர். ஃபில்டரே தேவையில்லை என்கிறார் மற்றொருவர். என்ன செய்வது? வாங்கியது பொருந்தாவிட்டால் திருப்பித் தர முடியுமா ஐயா?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஃபில்டரே இல்லாமல் ஓட்டலாம் என்ற யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். செவன் பாணிக் கார்கள் தரையை ஒட்டி ஓடுபவை. முன்சக்கரங்கள் வாரியிறைக்கும் மணலும் தூசியும் எஞ்சின் இருக்கும் பக்கமே வரும். அந்த மணல் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் அரம்போல் தேய்த்துவிடும். மேலும், கார்புரேட்டர் வழியே எஞ்சின் எப்போதாவது பின்னோக்கிச் சீறினால், அந்தத் தீப்பொறி பானெட்டுக்குள் பரவாமல் தடுப்பதும் ஃபில்டர்தான்.

உங்கள் சிக்கலின் வேர் எஞ்சினின் உயரத்தில் இருக்கிறது. 1957-இல் லோட்டஸ் செவன் வெளிவந்தபோது அதில் ஃபோர்டின் 1172 சி.சி. சைடு வால்வு (வால்வுகள் பக்கவாட்டில் அமைந்த) எஞ்சின் போன்ற சிறிய, குட்டையான எஞ்சின்களே பொருத்தப்பட்டன. பானெட்டின் கோடு அவற்றுக்காக வரையப்பட்டது. 1970-இல் வந்த பின்டோவுக்கு, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் சிலிண்டர் தலையின் மேலேயே அமைந்திருப்பதால், அது நெட்டையான எஞ்சின். தரைக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் நடுவே இடைவெளி வேண்டியிருப்பதால், அதை இன்னும் கீழே இறக்கவும் வழியில்லை.

இனி அளவைப் பார்ப்போம். நீங்கள் சொல்லும் 60 மி.மீ. எப்படி அளக்கப்பட்டது என்பது முக்கியம். செவன் பாணி பானெட் மூக்கை நோக்கிச் சரிந்திறங்குவதால், கார்புரேட்டரின் நடுவில் உள்ள இடம் ஃபில்டரின் முன்விளிம்பில் இருக்காது. குழந்தைகள் விளையாடும் களிமண்ணை, 60 மி.மீ.யைவிடச் சற்று உயரமான ஐந்தாறு உருண்டைகளாக உருட்டிக்கொள்ளுங்கள். கார்புரேட்டரின் வாயைத் துணியால் நன்றாக மூடி, அதன்மேல் ஃபில்டரின் நீள அகலத்துக்கு வெட்டிய ஒரு அட்டையை வைத்து, நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டைகளை வைத்து, பானெட்டை மூடிக் கொக்கிகளையும் மாட்டுங்கள். பிறகு திறந்து, நசுங்கிய உருண்டைகளைக் கத்தியால் குறுக்கே வெட்டி, ஒவ்வொன்றின் தடிமனையும் அளந்து, அட்டையின் தடிமனையும் அதனோடு கூட்டிக்கொள்ளுங்கள். அவற்றுள் மிகக் குறைந்த அளவே உங்கள் அளவு. அதிலிருந்து குறைந்தது 15 மி.மீ. கழிக்க வேண்டும், ஏனெனில் எஞ்சின் ரப்பர் தாங்கிகள்மீது உட்கார்ந்திருக்கிறது, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அசைகிறது.

அந்த மிகக் குறைந்த அளவும் 60 மி.மீ.தான் என்றால், உங்களுக்கு மிஞ்சுவது 45 மி.மீ. கடைக்காரர் சொன்ன ஃபில்டர் உயரத்தில் பொருந்தும் என்பது உண்மையே. ஆனால் எஞ்சினுக்கு வேண்டிய காற்றை அது தருமா என்பது வேறு கேள்வி. எண்ணெயிட்ட பருத்தி ஃபில்டர்களுக்கு, அவற்றைத் தயாரிக்கும் கே அண்ட் என் நிறுவனம் ஒரு சூத்திரம் தந்துள்ளது. அதை மெட்ரிக் அளவுக்கு மாற்றினால், எஞ்சினின் சி.சி. அளவை உச்சச் சுழற்சி எண்ணால் பெருக்கி, ஏறத்தாழ 52,900-ஆல் வகுக்க வேண்டும். விடை சதுர சென்டிமீட்டரில் வரும். உங்கள் 1993 சி.சி. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றுவதாகக் கொண்டால், சுமார் 226 ச.செ.மீ. வடிகட்டும் பரப்பு வேண்டும்.

கடைக்காரரின் ஃபில்டருக்குச் சுற்றளவு ஏறத்தாழ 58 செ.மீ. அடித்தட்டும் மூடியும் போக, வடிகட்டும் பாகத்தின் உயரம் 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேலும் கீழும் உள்ள ரப்பர் விளிம்புகளுக்காக அந்தச் சூத்திரமே முக்கால் அங்குலத்தை, அதாவது 19 மி.மீ.யை, ஒதுக்கச் சொல்கிறது. மிஞ்சுவது 21 மி.மீ.; பரப்பு 122 ச.செ.மீ. தேவையில் பாதிக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது இது தெரியாது. நெடுஞ்சாலையில் முழு வேகம் கேட்கும்போது எஞ்சின் மூச்சுத் திணறும். ஆகவே அதை வாங்க வேண்டாம்.

என் பரிந்துரை, அதே நீள, அகல, உயரத்தில், மேற்பரப்பும் வடிகட்டும் பொருளாலேயே ஆன ஃபோம் ஃபில்டர். மேற்பரப்பு மட்டுமே சுமார் 220 ச.செ.மீ. தரும், பக்கங்களையும் சேர்த்தால் தேவையைத் தாண்டிவிடும். பருத்திக்கான கணக்கு ஃபோமுக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், இவ்வளவு உபரி இருக்கும்போது அச்சமில்லை. பானெட் 15 மி.மீ. தொலைவில்தானே இருக்கிறது, காற்று எப்படி நுழையும் என்று நீங்கள் கேட்கலாம். 58 செ.மீ. சுற்றளவை 1.5 செ.மீ. இடைவெளியால் பெருக்கினால் 87 ச.செ.மீ. வழி கிடைக்கிறது. கார்புரேட்டரின் 32, 36 மி.மீ. துளைகள் இரண்டும் சேர்ந்தாலும் 18 ச.செ.மீ.தான். எனவே வழி தாராளமாகவே இருக்கிறது. வாங்கும்போது, ஃபோம் உள்ளே தொய்ந்து விழாதபடி கம்பிவலைத் தாங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். வலை துருப்பிடிக்கும் மலிவுச் சரக்காக இருந்தால், அந்தத் துருவும் எஞ்சினுக்குள்தான் போகும்.

பானெட்டை வெட்டுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், உங்கள் கார் இன்னும் ஐ.வி.ஏ. சோதனைக்கு (தனித்தனியாகக் கட்டிய வண்டிகளுக்குப் பிரிட்டனில் நடக்கும் அனுமதிச் சோதனை) போக வேண்டியது என்பதை மறக்காதீர்கள். வெளியே கைபடும் இடத்தில் உள்ள விளிம்புகள் குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். வெட்டிய அலுமினியத் தகடு அப்படி இருக்காது. தாழ்ந்த காற்றுப்பெட்டி ஒன்றைக் கார்புரேட்டர்மேல் வைத்து, குழாய் வழியே ரேடியேட்டர் அருகிலுள்ள ஃபில்டருக்குக் கொண்டுபோவதும் நல்ல வழியே. அதனால் குளிர்ந்த காற்று கிடைக்கும். காற்று 3 டிகிரி குளிர்ந்தால் அதன் அடர்த்தி சுமார் 1 விழுக்காடு கூடும். ஆனால் செலவும் வேலையும் அதிகம்.

பொருத்தும்போது ஒரு விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பரின் காரில் ஃபில்டரின் அடித்தட்டைச் சிறிய நட்டுகளால் நானே இறுக்கினேன். பூட்டு வாஷர் போடவில்லை. சில நூறு மைல்களில் எஞ்சினுக்குள் ‘டிக் டிக்’ என்று ஓசை கேட்டது. சிலிண்டர் தலையைக் கழற்றியபோது, ஒரு பிஸ்டனின் மேற்பரப்பில் அறுகோண அச்சுகள் முத்திரை குத்தியதுபோல் பதிந்திருந்தன. தளர்ந்த நட்டு நேராகக் கார்புரேட்டரின் வாய்க்குள் விழுந்திருக்கிறது. ஃபில்டருக்கு உள்ளே வரும் ஒவ்வொரு நட்டும் தானே தளராத நைலான் வளைய நட்டாகவே இருக்கட்டும். அடித்தட்டும் அதன் கீழே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் கார்புரேட்டரின் முகத்திலுள்ள சிறு காற்றுத் துளைகளை மூடாதபடியும் பாருங்கள். கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஜெட் துளைகளின் அளவுகளை ஃபில்டர் மாட்டிய நிலையில்தான் சரிபார்க்க வேண்டும்.

திருப்பித் தருவதைப் பற்றி: பிரிட்டனில் வணிகர் ஒருவரிடம் இணையத்தில் வாங்கினால், 2013-ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிமுறைகளின்படி, பொருள் கைக்கு வந்த 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். ஆனால் பார்த்துச் சோதிப்பதற்குத் தேவையானதைவிட அதிகமாகப் பயன்படுத்தி அதன் மதிப்பு குறைந்தால், அந்தத் தொகையைப் பிடித்துக்கொள்ள வணிகருக்கு உரிமை உண்டு. அடித்தட்டில் துளையிட்ட பிறகும், ஃபோமுக்கு எண்ணெய் பூசிய பிறகும் முழுப் பணத்தை எதிர்பார்க்க முடியாது. உங்கள் அளவுக்கென்றே செய்து தரச் சொன்ன பொருளுக்கு இந்த ரத்து உரிமையே கிடையாது. பொருளில் குறை இருந்தால் அது வேறு. 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாள்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறலாம். ஆகவே, ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே ஃபில்டரின் நீளம், அகலம், உயரத்துக்கு அட்டையில் ஒரு பெட்டி செய்து கார்புரேட்டர்மேல் வைத்து, பானெட்டை மூடிப் பாருங்கள்.