பத்து வருடம் கழித்தும் கைகொடுக்கும் நிரலாக்கத் திறன்கள் எவை? முடித்த டிக்கெட் எண்ணிக்கையை வைத்து ஒருவரின் வேலையை அளக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் பாளையங்கோட்டையில் படித்து முடித்து, ஒரு வருடமாக வேலையில் இருக்கிறார். மாதக் கடைசியில் யார் எத்தனை டிக்கெட் (சரிசெய்யவேண்டிய பிழையையோ செய்யவேண்டிய வேலையையோ குறித்து வைக்கும் பதிவு) முடித்தார்கள் என்று அவருடைய அலுவலகத்தில் ஒரு பட்டியல் வருகிறதாம். அதில் தன் பெயர் எப்போதும் கீழேயே இருப்பதால், இந்தத் தொழில் தனக்கு வராதோ என்று பயமாக இருக்கிறது என்கிறார். எதைக் கற்றுக்கொண்டால் நிலைக்கும் என்றும் கேட்டிருக்கிறார். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது.

நான் முக்கூடல் பக்கத்துக்காரன். அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்கவைத்தார். சுளவை மடியில் வைத்துக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் வெளிச்சம் போகிறவரை கை நிற்காது. 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. எண்ணிக் கூலி கொடுக்க அந்த வேலையில் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் பீடியும் ஆயிரமாவது பீடியும் ஒரே நீளம், ஒரே கனம். அங்கேயே அந்தக் கணக்கு சரியாக வராது என்பதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கடையில் இலையையும் தூளையும் எடைபோட்டுத் தருவார்கள். இலை கிழிசலும் ஓட்டையுமாக இருந்தால் ஆயிரம் தேறாது. குறைகிற இலையை அம்மா கைக்காசு போட்டு வாங்கிச் சேர்ப்பார். நோட்டில் ஆயிரம் என்று ஏறும். எந்த இலையில் அந்த ஆயிரம் வந்தது என்பது எங்கேயும் ஏறாது. “எய்யா, இலை சரியில்லன்னா கை என்ன செய்யும்?” என்பார்.

உங்கள் பட்டியலை இந்த இடத்திலிருந்து பாருங்கள். பக்கத்து நாற்காலிக்காரருக்கு போன மாதம் தொடங்கிய புது மாட்யூல் (மென்பொருளின் ஒரு தனிப் பகுதி) கிடைத்திருக்கலாம். உங்களிடம் பத்து வருடமாகப் பலர் கைபட்ட, எழுதியவர்கள் யாரும் இப்போது இல்லாத பழைய நிரலைக் கொடுத்திருக்கலாம். அவருடைய பன்னிரண்டு டிக்கெட்டையும் உங்கள் மூன்று டிக்கெட்டையும் ஒரே தராசில் வைப்பதே தப்பு. பீடி ஒன்றுபோல் ஒன்று இருக்கும். டிக்கெட் அப்படி இருக்காது. ஒன்று பத்து நிமிடத்தில் முடியும், இன்னொன்று பத்து நாள் இழுக்கும். திறந்து உள்ளே போகிறவரை எது எப்படி என்று யாருக்கும் தெரியாது.

இந்தத் தவறு புதிதும் இல்லை. 1982-இல் ஆப்பிளில் லிசா கணினிக் குழுவின் மேலாளர்கள், ஒவ்வொருவரும் வாரத்தில் எத்தனை வரி நிரல் எழுதினோம் என்று படிவத்தில் நிரப்பித் தரவேண்டும் என்றார்கள். அந்தக் குழுவின் நிரலாளர் பில் அட்கின்சன் அந்த வாரம்தான் திரையில் வரையும் நிரலின் முக்கியமான ஒரு பகுதியைத் திருத்தி எழுதியிருந்தார். வேலை பல மடங்கு வேகமாக நடந்தது, நிரலும் சுமார் 2000 வரி குறைந்தது. அவர் படிவத்தில் -2000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் அந்தப் படிவத்தைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். வரியை எண்ணினால் வரிதான் கூடும். ஸ்டோரி பாயின்டை, அதாவது ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று குழு முன்கூட்டியே போடும் மதிப்பெண்ணை எண்ணினால், போன மாதம் 3 என்று மதிப்பிட்ட வேலை இந்த மாதம் 5 ஆகும். ஓர் அளவையே இலக்காக ஆக்கினால் அது அளவாக இருக்கும் தகுதியை இழக்கும் என்ற எண்ணத்துக்கு, 1975-இல் அதை எழுதிய பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயர்தான் வழங்குகிறது. அவர் சொன்னது பணக் கொள்கையைப் பற்றி. நம் தொழிலுக்கு அப்படியே பொருந்துகிறது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். எது நிலைக்கும் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் அதிலேயே இருக்கிறது.

ஒரு நிறுவனத்தில் தமிழ்ப் பெயர்கள் நிறைந்த உறுப்பினர் பட்டியல் ஒன்றைப் பராமரித்தோம். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்ததை யாரோ எப்போதோ யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் குறியீட்டு எண் தரும் பொதுத் தரம்) மாற்றியிருந்தார்கள். “பெயரைத் தேடினால் வரவில்லை” என்று வாரம் தவறாமல் டிக்கெட் வரும். டேட்டாபேஸைத் திறந்து, அந்தப் பெயரை அழித்துவிட்டு புதிதாகத் தட்டச்சு செய்தால் தேடலில் வந்துவிடும். ஐந்து நிமிட வேலை, ஒரு டிக்கெட் முடிந்தது. குழுவில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். முதல் சில மாதங்கள் நானும் அப்படித்தான் செய்தேன்.

ஒரு நாள் பழைய டிக்கெட்டுகளை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். கோமதி வரவில்லை, பொன்னுத்தாய் வரவில்லை, சொர்ணம் வரவில்லை. சுடலைமுத்து, இசக்கியம்மாள், முப்பிடாதி மீது ஒரு புகார்கூட இல்லை. சிக்கிய பெயர்களில் எல்லாம் ஒகரமோ ஓகாரமோ இருந்தது. அப்புறம் பைட் பைட்டாக (கணினி தரவைச் சேமிக்கும் சிறு அலகுதான் பைட்) பிரித்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுத முடியும். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு வழி. ககரம், ஏகாரத்தின் இரட்டைக் கொம்பு, பிறகு கால் என்று தனித்தனியாக வைப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். பழைய பட்டியலில் இரண்டாம் வகை இருந்தது, விசைப்பலகையில் தேடுபவர்களிடமிருந்து முதல் வகை வந்தது. இப்படிப்பட்ட இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் முறையை யூனிகோட் தரத்திலேயே வகுத்து வைத்திருக்கிறார்கள். பழைய தரவு முழுவதையும், உள்ளே வரும் ஒவ்வொரு தேடலையும் அந்த வழியில் விட்டேன்.

ஔகாரம் மட்டும் தனியாகக் கஷ்டம் கொடுத்தது. சிலர் ‘கௌரி’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ளகர எழுத்தையும் போட்டிருந்தார்கள். இதை அந்த ஒன்றாக்கும் முறை சரிசெய்யாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றவும் முடியாது, ஏனென்றால் ‘கெளுத்தி’ போன்ற சொற்களில் அந்த ளகரம் உண்மையான எழுத்து. அந்தப் பெயர்களை மட்டும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

நான்கு நாள் ஆனது. எழுதிய நிரல் ஐம்பது வரி தேறாது. அதற்குப் பிறகு அந்த வகை டிக்கெட் வருவதே நின்றுவிட்டது. அந்த மாதப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே 1 என்று இருந்தது. அடுத்த மாதம் குழுவின் மொத்த எண்ணிக்கையும் குறைந்தது, ஏன் வேலை குறைந்திருக்கிறது என்று கேள்வி வந்தது. மனசு மிகவும் கஷ்டப்பட்டது. வராமல் போன டிக்கெட்டை எண்ண அந்தப் பட்டியலில் கட்டமே கிடையாது.

அந்த நான்கு நாளில் எனக்கு உதவியவை என்னென்ன என்று யோசித்தால், அப்போது பிரபலமாக இருந்த எந்த ஃப்ரேம்வொர்க்கும் (நிரல் எழுத உதவும் ஆயத்தச் சட்டகம்) அதில் இல்லை. சிதறிக் கிடக்கும் புகார்களை அடுக்கி வைத்து, எதில் வருகிறது, எதில் வரவில்லை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் உதவியது. பிழையை என் கணினியில் திரும்ப வரவழைத்துக் காட்டாமல் திருத்தத் தொடங்கக் கூடாது என்ற பிடிவாதமும் உதவியது. எழுத்து எப்படி பைட்டாக மாறுகிறது என்ற அடிப்படையை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ‘திருநெல்வேலி’யையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு 6 எழுத்து. யூனிகோடில் 12 குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 36 பைட். பெயருக்கு 30 பைட் போதும் என்று டேபிள் வடிவமைத்தவரால் நம் ஊர்ப் பெயரைக்கூட முழுதாக வைக்க முடியாது. இது நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் உண்மை, நீங்கள் ஓய்வு பெறும்போதும் உண்மையாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு அடிப்படையான கோட்பாட்டை ஐபிஎம்மில் எட்கர் காட் வெளியிட்டது 1970-இல், மொழி உருவானது 1974 வாக்கில். ஐம்பது வருடம் ஆகியும் உலகத்தின் கணக்கு வழக்கு அதில்தான் ஓடுகிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தின் கட்டளை வரியும் அந்தக் காலத்ததுதான், அதையும் விடாதீர்கள். இன்னொரு பக்கம், ஒரு காலத்தில் எல்லா இணையதளத்திலும் இருந்த ஃப்ளாஷுக்கு 2020 டிசம்பரோடு ஆதரவு முடிந்தது. இணையப் பக்கங்கள் செய்யும் ஃப்ரேம்வொர்க்கான ஆங்குலரின் முதல் தலைமுறைக்கு 2021 டிசம்பரோடு முடிந்தது. வேலைக்குத் தேவை என்றால் புதிய கருவியைக் கட்டாயம் படியுங்கள். ஆனால் வார இறுதியில் சொந்தமாக ஒதுக்கும் இரண்டு மணி நேரத்தை அடியில் இருப்பதற்குக் கொடுங்கள்.

அடுத்தவர் எழுதிய நிரலை வாசிப்பதைத் தனியாகவே பழகவேண்டும். கல்லூரியில் எழுதத்தான் சொல்லித் தந்தார்கள், வாசிக்க யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு மாற்றத்தை ஏன் செய்தோம் என்று கமிட்டில் (நிரலில் செய்த மாற்றத்தைச் சேமிக்கும் பதிவு) நான்கு வாக்கியம் தெளிவாக எழுதுவதும் அப்படித்தான். உங்களுக்கு ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் முதலில் தமிழில் யோசித்து, என்ன உடைந்தது, ஏன் உடைந்தது, என்ன மாற்றினேன் என்று எழுதிப் பாருங்கள். நல்ல மொழிநடை வேண்டாம், தெளிவு போதும்.

இப்போது ஏஐ கருவிகள் ஒரு நிமிடத்தில் முந்நூறு வரி எழுதித் தருகின்றன. வரியை எண்ணுவதற்கு மிச்சம் இருந்த கொஞ்ச அர்த்தமும் இதோடு போய்விட்டது. அந்த முந்நூறு வரியில் எது நம் தரவுக்குப் பொருந்தாது, எதை எழுதாமலே விடலாம் என்று சொல்ல ஆள் வேண்டும். வாசிக்கத் தெரிந்தவரால்தான் அதைச் சொல்ல முடியும். அதனால் உங்கள் பயத்துக்குக் காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மேலாளரிடம் என்ன பேசுவது? பட்டியல் தவறு என்று வாதாடி நான் ஜெயித்ததில்லை. ஆனால் ஒரு நோட்டு போட்டேன். முடித்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி: இதற்கு முன் இந்தப் பிழை மாதத்துக்கு எத்தனை முறை வந்தது, இப்போது எத்தனை முறை வருகிறது, வாடிக்கையாளருக்கு எவ்வளவு நேரம் மிச்சம். ஆறு மாதம் கழித்து மதிப்பீட்டுக் கூட்டத்தில் அதைத் திறந்து வைத்தேன். அந்த மேலாளர் கெட்டவர் இல்லை, அவருக்குப் பார்க்க வேறு எதுவும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு எங்கள் குழுவில் ஆள்வாரிப் பட்டியலை நிறுத்திவிட்டு, வெளியிட்டபின் எத்தனை தடவை உடைந்தது, எவ்வளவு நேரத்தில் சரிசெய்தோம் என்று குழுவுக்கு மொத்தமாகப் பார்க்கத் தொடங்கினோம். அதிலும் குறை உண்டு. ஆனாலும் பக்கத்தில் இருப்பவருக்கு உதவினால் என் எண்ணிக்கை குறையுமே என்ற எண்ணம் யாருக்கும் வரவில்லை.

உங்களுடைய மூன்று டிக்கெட்டையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதே பிழை இதற்கு முன் எத்தனை முறை வந்திருக்கிறது என்று பழைய டிக்கெட்டுகளில் தேடி, நோட்டில் முதல் வரியாக எழுதுங்கள். தேடியதில் ஏதாவது விநோதமாகத் தெரிந்தால், விவரத்தோடு கீழே எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.