வளைவில் எந்தக் கால் தாங்க வேண்டும்?

கேள்வி: ஜனவரியில் என் மகள் உத்தராகண்டின் ஔலிக்குப் போய் இரண்டு வாரம் பனிச்சறுக்கு கற்றுவந்தாள். “வெளிக்கால், வெளிக்கால்” என்று பயிற்சியாளர் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தாராம். டிவியில் வரும் பந்தய வீரர்களோ இடுப்பு பனியில் உரசும் அளவுக்கு உள்பக்கம் சாய்கிறார்கள். எது சரி? — வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: இரண்டுமே சரி. சாய்வது இடுப்பு, தாங்குவது வெளிக்கால், அதாவது வளைவின் வெளிப்பக்கம் இருக்கும் கால்.

மண்டி ஹவுஸ் ரவுண்டானாவில் பஸ் வலப்பக்கமாக வளையும்போது நின்றுகொண்டிருந்தால் உடம்பு இடப்பக்கம் தள்ளப்படும். இடது காலை அழுத்தி ஊன்றித்தான் நிற்போம். பனியிலும் அப்படித்தான். வலப்பக்கம் திரும்பும்போது இடது ஸ்கீதான் (காலில் மாட்டும் சறுக்குப் பலகை) சுமையை வாங்க வேண்டும். ஸ்கீயின் முன்னும் பின்னும் அகலம், நடுவில் குறுகல். அதை விளிம்பில் சாய்த்து எடையை ஏற்றினால் வில் போல வளைந்து, அந்த வளைவிலேயே ஓடும். பின்னால் கத்தியால் கீறிய மாதிரி ஒரு மெல்லிய கோடு விழும். எடை இல்லாத ஸ்கீ வளையாது, பக்கவாட்டில் வழுக்கும். வழுக்கினால் பந்தயத்தில் நேரம் போய்விடும்.

எனக்கும் ஔலியில் முதல் குளிர்காலம் இதே சிக்கல்தான். கரோல் பாக் மொட்டைமாடியைவிட உயரமான எதிலும் நின்று பழகாதவள் நான். சரிவைப் பார்த்தால் பயம் வரும், பயம் வந்தால் உடம்பு மலைப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். தோள் உள்ளே விழும், எடை உள்காலுக்குப் போகும், வெளி ஸ்கீ நழுவிவிடும். ஐந்து நாள் ஒரே பக்கமாக விழுந்து இடுப்பு கன்றிப்போனது. உங்கள் மகளுக்கும் இதுவாகத்தான் இருக்கும். அடுத்த முறை சரிவு குறைந்த இடத்தில், வெளிக்கையில் உள்ள கோலைப் பனியில் இழுத்தபடியே திரும்பிப் பழகட்டும். தோள் தானாக வெளி ஸ்கீக்கு மேல் வந்து நிற்கும். அப்புறம், வளையும்போது உள் ஸ்கீயின் வால்பக்கத்தை லேசாகத் தூக்கிப் பார்க்கட்டும். தூக்க முடியவில்லை என்றால் எடை இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

அமெரிக்க வீராங்கனை மிகேலா ஷிஃப்ரினின் ஓட்டங்களை மகளோடு உட்கார்ந்து மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்வீடன் வீரர் ஸ்டென்மார்க்கின் 86 உலகக் கோப்பைப் பந்தய வெற்றிகளை 2023 மார்ச்சில் தாண்டியவர் அவர். இடுப்பு எவ்வளவு உள்ளே போனாலும் அவருடைய தோள்கள் அந்த அளவுக்குச் சாயாது. அந்தச் சாய்வைத் தாங்கிப் பிடிப்பது வேகம். கற்றுக்கொள்பவரின் வேகத்தில் அப்படிச் சாய்ந்தால் விழத்தான் வேண்டும். அதனால் சாய்வை இப்போதே நகல் எடுக்க வேண்டாம், வேகம் கூடும்போது அது தானே வரும்.

இன்னொன்று: பந்தயத்தில் பாதையைக் காட்ட நட்டிருக்கும் கம்பை அடைந்த பிறகு திரும்பத் தொடங்கினால் தாமதம். கம்புக்கு மேலே உள்ள சரிவிலேயே வெளிக்காலில் அழுத்தம் ஏறி, கம்பைக் கடக்கும்போது திருப்பத்தின் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும்.

கேள்வி: கம்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் பந்தயத்தில் கம்புகளைக் கையால் இடித்துத் தள்ளுகிறார்களே, தவறில்லையா? — வாசகர், ஆர்.கே.புரம், டெல்லி

பதில்: இல்லை. இரண்டு ஸ்கீயின் முனைகளும் இரண்டு கால்களும் கம்பைச் சரியான பக்கமாகக் கடக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. பாதையைச் சுருக்க ஸ்கீயைக் கம்பின் அடியை ஒட்டி ஓட்டுவதால், சாய்ந்த உடம்பு கம்பின் மேலேயே வந்துவிடுகிறது. கம்பின் அடியில் மடங்கும் மூட்டு இருப்பதால் தட்டினால் படுத்து, உடனே எழுந்துவிடும். கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் அதற்காகத்தான் கவசங்கள்.