கடல் கூடினால் உயிர் கூடுமா?

ஐயா, வணக்கம்.

மன்னார்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று வருஷாவருஷம் காத்திருப்பவர்கள். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் பாறைக் கோள்களில் சில முழுக்கக் கடலாகவே இருக்கலாம் என்று படித்தேன். தண்ணீர்தானே உயிர்? அப்படியானால் பூமியைவிட அங்கே உயிர் செழித்திருக்காதா?

வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

தண்ணீர் இல்லாமல் உயிர் இல்லை, சரி. ஆனால் தண்ணீர் மட்டும் போதாது. கடலுக்கு மேலே கொஞ்சமாவது பாறை தெரிய வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். காவிரியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

குடகிலிருந்து வரும் வழியெல்லாம் மழை பழம்பாறைகளைக் கரைக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மழைநீரில் கலந்து மெல்லிய அமிலமாகிப் பாறையிலிருந்து கால்சியத்தைப் பிரிக்கிறது. ஆறுகள் அதைக் கடலில் சேர்க்கின்றன. அங்கே கார்பன் கிளிஞ்சலாகவும் சுண்ணாம்புக்கல்லாகவும் படிகிறது. பின்னாளில் எரிமலை வழியாகக் காற்றுக்குத் திரும்புகிறது. பூமி சூடானால் மழை கூடிப் பாறை வேகமாகக் கரையும், வெப்பத்தைப் பிடித்து வைக்கும் கார்பன் காற்றில் குறைந்து பூமி தணியும். குளிர்ந்தால் கரைவது மந்தமாகும், கார்பன் சேர்ந்து மறுபடி சூடேறும். பல லட்சம் ஆண்டுகள் பிடிக்கும் இந்த ஏற்பாட்டை வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற மூன்று அறிவியலாளர்கள் 1981-ல் விளக்கினார்கள். நிலமே இல்லாவிட்டால் கடலடிப் பாறையை மட்டும் நம்ப வேண்டும். அது இவ்வளவு நன்றாக ஈடுகொடுக்காது.

அப்புறம் உயிர்களுக்கு வேண்டிய சத்தான பாஸ்பரஸ். கடலுக்கு அது பெரும்பாலும் நிலத்துப் பாறையிலிருந்துதான் போகிறது. வயலுக்குப் பாஸ்பரஸ் உரமான டிஏபி போடுகிற உங்களுக்கு அதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் மூழ்கிய கோளில் கடல் பெரிதாக இருக்கும், ஆனால் சத்தற்றதாக இருக்கலாம்.

நமக்கு நிலம் கிடைத்ததும் ஒரு நூலிழையில்தான். பூமியின் எடையில் கடல்நீர் 10,000-ல் சுமார் 2 பங்கு. இதுவே பத்து மடங்கு இருந்திருந்தால் எவரெஸ்டும் தண்ணீருக்குள்தான்.

பூமியைவிடப் பெரிய பாறைக் கோள்களில் ஈர்ப்பு அதிகம். மலைகள் உயரமாக நிற்காது. ஆகவே அவை மூழ்கியே தீரும் என்று தோன்றும். ஆனால் அதே ஈர்ப்பு கடலடியில் அழுத்தத்தையும் கூட்டுகிறது. அதனால் கூடுதல் நீர் கோளின் உட்பாறைக்குள் இறங்கி, மேலே கண்டங்கள் தெரியலாம் என்று கோவன், அபாட் என்ற அறிவியலாளர்கள் இருவரும் 2014-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். நீங்கள் படித்த கோள்களில் உயிரைத் தேடுவதானால், இப்படி நிலம் மூழ்காமல் தப்பியவற்றிலிருந்து தொடங்கச் சொல்வேன்.