முதல் வழக்கு சிறியதாக இருந்தால் என்ன?

கேள்வி: புதிய துப்பறியும் தொடர் ஒன்றின் முதல் நூலை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். எழுபது பக்கம்கூட இல்லை. சந்தேகத்துக்குரியவர்கள் மூன்றே பேர். குற்றவாளி யார் என்பது பாதியிலேயே தெரிந்துவிட்டது. துப்பறியும் அம்மையார் எங்கிருந்து வந்தார், ஏன் தனியாக வாழ்கிறார் என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. தொடரின் தொடக்கம் என்று சொல்லி அரைகுறைக் கதையை நம் தலையில் கட்டுகிறார்களா? அடுத்த நூலைப் படிக்கத்தான் வேண்டுமா?

பதில்: நீங்கள் குறிப்பிடும் நூலை நானும் படித்தேன். அதில் ஒரு குறை இருக்கிறது. ஆனால் நீங்கள் சுட்டியவற்றில் அது இல்லை.

பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். மூன்று பேரில் ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உங்கள் பக்கம் இருக்கிறது. சிறிய மர்மக் கதையில் பத்துப் பேரை உலவவிட இடமில்லை என்பதால், தேர்ந்த எழுத்தாளர்கள் 'யார்' என்ற கேள்வியைத் தளர்த்திவிட்டு வேறொரு கேள்வியை இறுக்குவார்கள். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1844இல் எழுதிய 'களவுபோன கடிதம்' கதையில், கடிதத்தைத் திருடிய அமைச்சர் யார் என்பது தொடக்கத்திலேயே காவல்துறைத் தலைவருக்குத் தெரியும். வீட்டை அங்குலம் அங்குலமாகச் சோதித்தும் அது அகப்படாதது ஏன் என்பதே அங்கே மர்மம். 1891இல் 'ஸ்ட்ராண்ட்' இதழில் ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதை வரிசையைத் தொடங்கிவைத்த கதையிலும் ஹோம்ஸ் மீட்டுத்தர வேண்டிய புகைப்படம் யாரிடம் இருக்கிறது என்பதை உதவி கேட்டு வந்தவரே முதலில் சொல்லிவிடுகிறார். அதனால் அந்தக் கதையின் சுவை குறைந்துவிடவில்லை.

உங்களை நான் கேட்பது இதுதான்: நீங்கள் ஊகித்தீர்களா, நிறுவினீர்களா? அந்த மனிதர் மீது உங்களுக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம், அவர் வேலைக்காரப் பெண்ணிடம் கடுமையாகப் பேசியதாகத்தான் இருக்கும்; பெரும்பாலான வாசகர்களுக்கு அங்கேதான் பொறி தட்டும். துப்பறியும் அம்மையார் அதைப் பொருட்படுத்தவே இல்லை. அவர் வழக்கின் மையமான உயிலை வாங்கியதும் கையெழுத்தைப் படிக்காமல் தாளைத் திருப்பிப் பின்புறத்தை விரலால் தடவிப் பார்க்கிறார். பழகிய கை வேகமாக எழுதும்போது பேனாவின் அழுத்தம் ஏறி இறங்கும். பார்த்து வரைகிற கை மெதுவாகப் போவதால் அழுத்தம் ஒரே சீராக விழும், இடையிடையே நடுக்கமும் தயக்கமும் தெரியும். போலிக் கையெழுத்தை ஆராய்பவர்கள் உண்மையில் கவனிக்கும் அடையாளங்கள் இவை. அந்த ஒரு பத்தியில் சான்று முழுவதும் உங்கள் கண்முன்னே வைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டு நீங்கள் குற்றவாளியை அடைந்திருந்தால் வெற்றி உங்களுடையது. சிடுமூஞ்சி என்பதற்காக ஒருவரைப் பிடித்திருந்தால், தயவுசெய்து முதல் முப்பது பக்கங்களை மறுபடியும் படியுங்கள். சிறிய நூலில் அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது என்பது அதன் பெரிய வசதி.

அடுத்தது, அம்மையாரின் வாழ்க்கை வரலாறு. தொடரின் முதல் கதை துப்பறிபவரின் பிறப்பு, வளர்ப்பு, மனக்காயம் எல்லாவற்றையும் ஒப்பித்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எப்படியோ வாசகர்களிடம் வேரூன்றிவிட்டது. இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். ஹோம்ஸ் அச்சில் அறிமுகமானது 1887இல். அவருக்கு மைக்ராஃப்ட் என்றொரு அண்ணன் இருப்பதை வாசகர்கள் அறிந்தது 1893இல். துப்பறியும் பிரவுன் பாதிரியாரை அறிமுகப்படுத்திய 1910ஆம் ஆண்டுக் கதையில் ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் இன்னும் துணிந்தார்: கதையின் பெரும்பகுதியில் நாம் ஒரு காவல் அதிகாரியின் பின்னால் நடக்கிறோம், பாதிரியார் யார் என்பது அவர் விட்டுச்சென்ற விசித்திரமான தடயங்களிலிருந்தும் இறுதியில் அவர் பேசும் பேச்சிலிருந்தும்தான் புலப்படுகிறது. ஒரு மனிதர் வேலை செய்யும் விதத்தைக் காட்டிவிட்டால் அறிமுகம் நடந்தேறிவிட்டது. தாளைத் திருப்பிப் பார்த்த அந்தக் கை எனக்குப் போதுமானதாக இருந்தது.

நீளம் பற்றிய குறைக்கு நான் அதிகம் சொல்வதற்கில்லை. வழக்கு எழுபது பக்கத்துக்குள் நேர்மையாகத் தொடங்கி நேர்மையாக முடிகிறது.

உண்மையான குறை கடைசி இரண்டு பக்கங்களில் இருக்கிறது. குற்றவாளி பிடிபட்டு, உயில் செல்லாதென்று தெரிந்து, எல்லாம் முடிந்த பிறகு, நள்ளிரவில் ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. அம்மையாரின் முகம் வெளுக்கிறது. நூல் அங்கேயே நின்றுவிடுகிறது. அந்த அழைப்புக்கு முந்தைய பக்கங்களில் எந்த வித்தும் இல்லை. அடுத்த நூலை வாங்கவைப்பதற்காக ஒட்டப்பட்ட வால் அது. நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் அதுவே. அதில் நான் உங்களோடு நிற்கிறேன்.

இரண்டாவது நூலைப் படிக்கலாம். முதல் நூலின் வழக்கு சரியாக முடிக்கப்பட்டிருப்பதால், அந்த அழைப்பை அறவே மறந்துவிட்டும் அதைத் தொடங்க முடியும்.