கவுன்சில் உறுப்பினரின் கடிதத்தில் வினைச்சொல்லைப் பாருங்கள்

வாசகியின் கேள்வி: அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம், மான்ட்கோமெரி கவுன்டி, ஜெர்மன்டவுனில் வாடகை அபார்ட்மென்டில் இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி விசா. எங்கள் பகுதிக் கவுன்சில் உறுப்பினரிடமிருந்து அடிக்கடி மின்னஞ்சல் வருகிறது. வாடகைக் கட்டுப்பாடு, பஸ், பிளாஸ்டிக் பை, பட்ஜெட், மரம் நடுதல் என எல்லாம் அதில் கலந்திருக்கும். எது எங்களுக்குப் பொருந்தும் என்றே புரியவில்லை. இதற்கிடையே 2,100 டாலர் வாடகையை 2026 மே 1 முதல் 2,300 ஆக்குவதாக, பிப்ரவரி 10 தேதியிட்ட நோட்டீஸ் வந்திருக்கிறது. குடியுரிமை இல்லாத நாங்கள் இதைக் கேட்கலாமா? கேட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில்: கேட்கலாம். முதலில் நோட்டீஸைப் பார்ப்போம், அதற்குத்தான் கெடு இருக்கிறது. கடிதத்துக்கு அப்புறம் வருகிறேன்.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கவுன்சில் 2023 ஜூலையில் நிறைவேற்றியது. நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலையில். விலைவாசி உயர்வு விகிதத்தோடு 3 சதவீதம் சேர்த்தால் வருவது, அல்லது 6 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதுவே ஓராண்டு உயர்வுக்கு எல்லை. 2025 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரை இந்த எல்லை 5.7 சதவீதம். உங்கள் 2,100-க்கு அது 119 டாலர் 70 சென்ட். ஆக, மே மாத வாடகை 2,219.70-ஐத் தாண்டக் கூடாது. அவர்கள் கேட்பது 9.5 சதவீதத்துக்கும் மேல். மாதம் 80 டாலர், ஆண்டுக்கு 960-க்கும் மேல் கூடுதல்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இந்தக் கவுன்டியில் வாடகையை உயர்த்த 90 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிப்ரவரி 10-லிருந்து மே 1 வரை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், 80 நாள்தான். சட்டத்தில் விலக்கு உள்ள கட்டடமாகவே இருந்தாலும் இந்த நோட்டீஸ் மே 1-க்குச் செல்லாது.

விலக்கு என்றதும் சொல்லிவிட வேண்டும். கட்டி 23 ஆண்டு ஆகாத கட்டடத்துக்கு இந்த எல்லை பொருந்தாது. கவுன்டிக்குள் இரண்டு வீட்டுக்கு மேல் வாடகைக்கு விடாத தனிநபருக்கும் பொருந்தாது. நம் ஆட்கள் பலர் நம் ஆட்களிடமே டவுன்ஹவுஸ் வாடகைக்கு எடுக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது விலக்கில் வந்துவிடுவார்கள். உங்களுடையது பெரிய அபார்ட்மென்ட் வளாகம் என்பதால் கட்டிய ஆண்டை மட்டும் பார்த்தால் போதும். மேரிலாந்து மாநிலச் சொத்து மதிப்பீட்டுத் துறையின் பதிவில் முகவரியைத் தட்டினால் தெரிந்துவிடும். முந்தைய ஆண்டுகளில் உயர்த்தாமல் விட்ட பங்கைச் சேர்த்துக் கேட்கவும் உரிமையாளருக்கு வழி உண்டு. ஆகவே 9.5 எப்படி வந்தது என்ற கணக்கை எழுத்தில் கேளுங்கள். நேரில் போய் வாக்குவாதம் வேண்டாம்.

ஊர் விஷயத்தில் பலர் ஏமாந்து போகிறார்கள். ராக்வில், கெய்தர்ஸ்பர்க், டகோமா பார்க் ஆகியவை தனி நகராட்சிகள், அங்கே கவுன்டியின் வாடகைச் சட்டம் செல்லாது. டகோமா பார்க்கில் அவர்களுக்கென்றே ஒரு வாடகைச் சட்டம் இருக்கிறது. ஜெர்மன்டவுனுக்கு மேயரும் கிடையாது, நகராட்சியும் கிடையாது. உங்கள் உள்ளூர் அரசு கவுன்டி மட்டுமே. தபால் முகவரியில் கெய்தர்ஸ்பர்க் என்று இருந்தும் நகர எல்லைக்கு வெளியே இருக்கும் வீடுகள் நிறைய. முகவரியை நம்பாமல் எல்லையைப் பார்க்கச் சொல்லி அந்தப் பக்கத்து நண்பர்களிடமும் சொல்லுங்கள்.

சரி, இப்போது கடிதம். நான் பல வருடங்களாக இந்தக் கடிதங்களைப் படிக்கிறேன். தலைப்பையும் படத்தையும் விட்டுவிட்டு வினைச்சொல்லைத் தேடுவேன். ‘அறிமுகம் செய்தேன்’ என்றால் அது இன்னும் மசோதா. அதன் பிறகு பொது விசாரணை (மக்கள் வந்து கருத்துச் சொல்லும் கூட்டம்), குழு ஆய்வு, 11 பேர் கொண்ட கவுன்சிலின் வாக்கெடுப்பு என்று வழி நீளும். அப்புறம் கவுன்டி நிர்வாகத்தின் தலைவரான எக்ஸிக்யூட்டிவ் கையெழுத்துப் போடவோ மறுக்கவோ 10 நாள். சாதாரண மசோதா சட்டமானாலும் அமலுக்கு வர 91 நாள் ஆகும். ‘நிறைவேற்றினோம்’ என்ற சொல்லைப் பார்த்து நாளை முதல் என்று நினைத்துவிடாதீர்கள். இலை ஊதும் பெட்ரோல் இயந்திரத்துக்கான தடையை 2023-ல் நிறைவேற்றினார்கள். விற்பனை நின்றது 2024 ஜூலையில், பயன்படுத்தக் கூடாது என்றானது 2025 ஜூலையில்.

உங்கள் கடிதத்தில் உள்ள பஸ்ஸும் பையும் முடிந்த விஷயங்கள். கவுன்டி நடத்தும் ரைட் ஆன் பஸ்ஸில் 2025 ஜூன் கடைசியிலிருந்து கட்டணமே இல்லை. கடைகளில் பிளாஸ்டிக் பை 2026 ஜனவரி 1 முதல் தடை, காகிதப் பைக்கு 10 சென்ட். மரம் நடுதல் மாதிரியானவை அழைப்புகள், விருப்பம் இருந்தால் போகலாம்.

பட்ஜெட் மட்டும் இன்னும் முடியவில்லை. நீங்கள் வாய் திறக்க வேண்டிய இடமும் அதுதான். எக்ஸிக்யூட்டிவ் மார்ச் 15-க்குள் தன் திட்டத்தைக் கவுன்சிலுக்கு அனுப்புவார். ஏப்ரலில் பொது விசாரணை. ஏப்ரலிலும் மேயிலும் குழுக்கள் ஒவ்வொரு செலவினமாகப் பேசும். ஜூன் 1-க்குள் நிறைவேற்றியாக வேண்டும், ஜூலை 1-ல் புது நிதியாண்டு. 2025 ஜூலையில் தொடங்கிய நிதியாண்டின் பட்ஜெட் 760 கோடி டாலர், அதில் ஏறக்குறைய பாதி பள்ளிகளுக்குப் போகிறது. வாடகைப் புகாரை விசாரிக்கும் அலுவலகத்தில் எத்தனை ஊழியர் இருக்கலாம் என்பதும் இதே பட்ஜெட்டில்தான் முடிவாகிறது. மே மாதம் முடிந்த பிறகு ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’ என்று கேட்டுப் பெரிய பயன் இல்லை. எனக்கு வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வருகின்றன, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்களுக்கு ஒரு கவுன்சில் உறுப்பினர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஐந்து பேர் இருக்கிறார்கள்! 11 பேரில் ஏழு பேர் வட்டாரத்துக்கு ஒருவர், நான்கு பேர் கவுன்டி முழுமைக்கும் பொது. உங்கள் வட்டாரக்காரர், பொது உறுப்பினர் நால்வர் என ஐந்து பேருக்கும் எழுதுங்கள். 2026 நவம்பரில் 11 இடங்களுக்கும் தேர்தல். உங்களால் வாக்களிக்க முடியாதுதான். ஆனால் கவுன்சிலின் பொது விசாரணையில் பேச, அதாவது சாட்சியம் சொல்ல, குடியுரிமை தேவையில்லை. கவுன்டி ஊழியர்கள், சட்டம் கட்டாயப்படுத்தினால் ஒழிய, குடியேற்ற நிலையைக் கேட்கக் கூடாது என்று 2019-ல் எக்ஸிக்யூட்டிவ் உத்தரவே போட்டிருக்கிறார். வாடகையைப் பற்றிப் புகார் கொடுப்பது சட்டபூர்வமான செயல், விசாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. புகார் கொடுத்ததற்காக வீட்டைக் காலி செய்யச் சொல்வதும் சட்டவிரோதம். ஒரு எச்சரிக்கை மட்டும்: சாட்சியம் பொது ஆவணம், ஒளிபரப்பாகும், பெயரும் வரும். ஆகவே விசா விவரம் எதையும் அதில் சேர்க்காதீர்கள். வாடகையும் நோட்டீஸ் தேதியும் போதும்.

பேசுவதற்குக் கிடைப்பது இரண்டு, மூன்று நிமிடம்தான். நான் முதல்முறை போனபோது இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். முதல் பக்கம் முழுக்க அறிமுகம். அது முடிவதற்குள் மேடை விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகிவிட்டது. கேட்க வந்ததைக் கேட்காமலே கீழே இறங்கினேன். எனக்கு அடுத்துப் பேசிய மூதாட்டி கையில் ஒரே ஒரு தாள், தன் வாடகை ரசீது. போன வருடம் இவ்வளவு, இந்த வருடம் இவ்வளவு, என் ஓய்வூதியம் இவ்வளவு என்று மூன்று எண்களைச் சொன்னார். அதுவரை குனிந்து காகிதம் புரட்டிக்கொண்டிருந்த உறுப்பினர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நீங்களும் முதல் வரியிலேயே 2,100, 2,300, 80 நாள் என்று தொடங்குங்கள். கடைசி வரியில் என்ன வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், அல்லது எழுத்தில் அனுப்பலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: நோட்டீஸையும், அது வந்த உறையையும், பழைய ஒப்பந்தத்தையும் படம் எடுத்து வையுங்கள். உறையில் உள்ள தபால் முத்திரைத் தேதி பிறகு உதவும். கவுன்டியின் தகவல் எண்ணான 311-க்கு அழைத்து, வீட்டு உரிமையாளர்–வாடகைதாரர் விவகார அலுவலகத்தைக் கேளுங்கள். உரிமையாளருக்கு எழுதும் மின்னஞ்சலின் நகலை அவர்களுக்கும் அனுப்புங்கள். பதில் வரும் வரை பழைய வாடகை 2,100-ஐ ஒரு நாளும் தாமதிக்காமல் கட்டிவிடுங்கள். பாக்கி வைத்தால் வழக்கு வேறு திசைக்குப் போய்விடும். ஏப்ரல் விசாரணைக்குப் பெயர் பதிவு தொடங்கியதும் பதிந்துகொள்ளுங்கள். கார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஜெர்மன்டவுனிலிருந்து 55-ம் எண் பஸ் கவுன்சில் இருக்கும் ராக்வில் வரை வருகிறது.